சடையப்பன் மறைக்காத வயர்

சடையப்பன் வயரிங் செய்த வீட்டில் கரண்டு எந்த வழியாக வருகிறது என்று கரண்டுக்கே தெரியாது. அப்படி மறைப்பார். கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் எலக்ட்ரீசியன்; லீவு நாளில் புதுவாயலில் வீட்டு வேலை. சுவரில் ஒரு வயர் தெரிந்துவிட்டால் நடுரோட்டில் வேட்டி அவிழ்ந்த மாதிரி கூசிப்போவார்.

ரமீஸா வீட்டையும் பிரசவத்துக்கு முன்னாலேயே பளிச்சென்று முடித்துக் கொடுத்தார். பழைய டெலிபோன் வயர் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தன. "எவன்டா இவ்ளோ சோம்பேறி?" என்று திட்டி, பிரித்து, நீட்டி, ஃபேன் வயர் போகும் குழாயிலேயே படுக்க வைத்தார்.

அன்றிலிருந்து போனை எடுத்தால் காதில் அப்பளம் பொரிந்தது. அதே வயரில் வரும் இன்டர்நெட் எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது.

இன்று குழந்தைக்குப் பேர் வைக்கும் நாள். ஷார்ஜாவில் இருக்கும் வாப்பா சஹாபுதீன் கம்ப்யூட்டரில் வந்து, தன் வாயால் மகள் காதில் சொல்லவேண்டும். அதுவரை பேர் ரமீஸாவுக்கே தெரியாது.

"அண்ணாத்த, மச்சான் பேசறப்ப கர்ர்னு கேட்டுச்சுன்னா அதான் புள்ள பேரு, பரவால்லியா?" என்றான் ரமீஸாவின் தம்பி தாஹா.

"வாய மூட்றா. அண்ணே, அவரு மாசக்கணக்கா அந்தப் பேர மனசுலயே வச்சுக்கினு கீறாரு. எப்டியாவது பாருங்கண்ணே," என்றாள் ரமீஸா.

சடையப்பன் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கம்பத்து லைன் வந்து சேரும் டப்பாவில் நேராக மாட்டினார். சுத்தமாகக் கேட்டது. அப்படியானால் கோளாறு உள்ளே, அவருடைய பளிச்சில். உள்ளே வந்து மாட்டி ஃபேனை நிறுத்தினார்; இரைச்சல் அடங்கியது. போட்டார், பொரிந்தது.

மில்லில் மீட்டருக்குப் போகும் வயரும் முறுக்கித்தான் இருக்கும். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

"சோம்பேறி இல்லடா அவன். வேணும்னேதான் முறுக்கிகீறான். முறுக்கினாதான் பக்கத்து கரண்டு இரைச்சல் இதுல ஒட்டாது."

புது வயர் இரண்டின் ஒரு முனையை தாஹாவிடம் கொடுத்தார். மறுமுனையை டிரில்லில் மாட்டி அழுத்தினார். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டும் பின்னி ஒன்றாயின.

"குழாய்லயே உட்டுடு அண்ணாத்த, வெளிய தெரியாது."

"ஃபேன் வயரோட சேத்தா மறுபடி பேஜாருடா."

புதுப் பெயின்ட் சுவரின்மேல் வயரை வைத்து முதல் ஆணி அடிக்கும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது. பிறகு நிற்கவில்லை.

ஃபேன் ஓடிக்கொண்டிருக்க, திரையில் சஹாபுதீன் வந்தார். நிலையாக நின்றார். ரமீஸா ஹெட்போனைக் குழந்தையின் வலது காதருகே வைத்தாள். அவர் உதடு மூன்று முறை அசைந்தது. ஒருவருக்கும் கேட்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை மட்டும் கண்ணைத் திறந்து பார்த்தது.

சுவரோரம் நின்ற சடையப்பனின் உள்ளங்கை வயர்மேல் இருந்தது. கடல் தாண்டி வந்த பேர் இப்போதுதான் அவர் கைக்கு அடியில் போயிருக்கிறது. சூடுகூட இல்லை.

"ஜபீன்!" என்றாள் ரமீஸா, ஹெட்போனைத் தன் காதில் வைத்து, அழுதுகொண்டே.

"அண்ணாத்த, நாளைக்கி இந்த வயர் மேல ஒரு பிளாஸ்டிக் பட்டி அடிச்சு மறைச்சிடலாமா?" என்று தாஹா வயரைத் தடவினான்.

"கைய எட்றா," என்றார் சடையப்பன். "தெரியட்டும்."