சாளைக் குழம்பில் மிதந்த எண்ணெய்

என் கணவருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றே அடுக்களையிலிருந்த எண்ணெய்ப் பாட்டில்களை எல்லாம் அப்புறப்படுத்திவிட்டேன். மில்லர்புரத்தில் எங்களுக்கு மளிகைக்கடை. ஊருக்கெல்லாம் நல்லெண்ணெய் அளந்து கொடுக்கிற மனுஷனுக்கு வீட்டில் ஒரு சொட்டு கிடையாது. "எண்ணெயைக் குறைங்க, பொரிச்சது வேண்டாம், சாளை மீனைக் குழம்பு வச்சுக் கொடுங்க" என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். குறைப்பதென்ன, ஒழித்தே விடுகிறேன் என்று நான் முடிவெடுத்தேன். நான் முடிவெடுத்தால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

தாளிப்பு போயிற்று. தேங்காயும் போயிற்று. வாரம் இரண்டு நாள் நெய்ச்சாளை வாங்கி வெறும் புளியிலும் மிளகாயிலும் கொதிக்க வைத்தேன். கொழுத்த சாளை சும்மா இருக்குமா? நான் ஒன்றும் ஊற்றாவிட்டாலும் குழம்பின் மேல் மஞ்சளாக எண்ணெய் மிதந்தது. அதைக் கரண்டியால் வழித்தெடுத்துப் பழைய சோற்றில் பிசைந்து கொல்லைக்கு வரும் பூனைக்கு வைத்தேன். எட்டு மாதத்தில் பூனை மினுமினுத்தது. என் கணவரின் கைகால் வறண்டு வெள்ளை பூத்துக் கிடந்தது.

"ஏளா, அடுத்த பிறவில இந்த வீட்டுப் பூனையாப் பொறந்தாப் போதும்" என்றார்.

"மொதல்ல இந்தப் பிறவில இருங்க" என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த கிடை என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. இன்னொரு தடவை அதைப் பார்க்க என்னால் முடியாது.

மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அவர் எடையைப் பார்த்தார், தோலைத் தொட்டுப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். வழித்தெடுத்த எண்ணெயைத்தான் பெருமையாகச் சொன்னேன்.

"சாளை சாப்பிடச் சொன்னதே அந்தக் கொழுப்புக்குத்தாம்மா" என்றார் அவர். "இருதயத்துக்கு நல்லது. நம்ம உடம்பு அதத் தேவையான அளவுக்குத் தானாச் செஞ்சுக்காது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். தாளிக்கவும் கொஞ்சம் ஊத்துங்க. நான் குறைக்கத்தானே சொன்னேன்?"

தப்பு என்று தெரிந்தபின் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை நான். வருகிற வழியிலேயே சாளை வாங்கினேன்.

அன்று ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்தேன். மிதந்த எண்ணெயை வழிக்கவில்லை. சோற்றில் குழம்பை ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் தட்டைச் சாய்த்து எண்ணெயை ஓரமாக வடித்துவிட்டு, மீனை விரலால் துடைக்க ஆரம்பித்தார்.

"டாக்டரம்மா சொன்னதக் கேட்டீங்கல்லா? பெறகு என்னத்துக்குத் துடைக்கீங்க?"

"அவங்க சொன்னாங்க" என்றார் தலை நிமிராமல். "நீ இன்னும் சொல்லலியே."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் செஞ்சது தப்பு. சாப்பிடுங்க" என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வாயிலிருந்து அவர் அதைக் கேட்டது அன்றுதான். இரண்டு முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.