மிஞ்சாத ஹீட்டர்

தெருவில் அவருக்கு ‘வாரிச்சுருட்டி’ என்று பெயர். கடையில் தள்ளுபடி போட்டால் இருப்பதையெல்லாம் வாரிக்கொண்டு வந்து, இணையத்தில் இரட்டை விலைக்கு விற்பார். அந்தக் குளிர்காலத்தில் வீடு முழுக்க ரூம் ஹீட்டர் பெட்டிகள். நடுவே கட்டிலில் இருமிக்கொண்டு அப்பா.

“ஒண்ணைப் பிரிச்சு மாமாவுக்கு வைங்களேன்” என்றாள் மனைவி.

“சீல் உடைஞ்சா பழைய சரக்குடி. பாதி விலைகூடத் தேறாது.”

“நீ வித்துக்கடா. கடைசியா மிஞ்சறது எனக்கு” என்றார் அப்பா, போர்வைக்குள்ளிருந்து.

நல்ல வியாபாரி கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. கடைசிப் பெட்டிக்கு ஒருவர் மும்மடங்கு தந்தார். மறுநாள் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. மகன் கடைக்கு ஓடினார்.

“ஸ்டாக் இல்லையே சார். எல்லாத்தையும் நீங்கதானே எடுத்துட்டுப் போனீங்க?”

இணையத்தில் இன்னொரு வாரிச்சுருட்டியிடம், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினார். பார்சல் வந்தபோது அப்பாவைப் பாடையில் தூக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். டெலிவரிக்காரர் கையெழுத்துக் கேட்கத் தயங்கி, பெட்டியோடு வாசலிலேயே நின்றார்.