ரெண்டாவதுதானுங்க நல்லாருக்குது

ரங்கராஜ் அண்ணனுக்குக் காது கூர்மை. கணபதி ஏரியாவில் ஒரு பம்புசெட் கம்பெனியில் முப்பத்தோரு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்குரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, "பின்பக்கம் பேரிங்கு போயிருச்சு, பிரிங்கப்பா" என்பாராம். பிரித்துப் பார்த்தால் போயிருக்குமாம். அப்பேர்ப்பட்ட காது. அந்தக் காதின் மேல்தான் எனக்குக் கோபம். என் மேல் அதைவிடக் கோபம், அது ஏன் என்று போகப் போகத் தெரியும்.

என் பெயர் ரம்லா. உக்கடத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அண்ணன் ஓய்வு பெற்று, தொண்டாமுத்தூர் தாண்டி ஒரு வீட்டைக் கட்டிக் குடிபோன புதிதில் என் கடைக்கு வந்தார். கொரோனாவுக்கு முந்தைய வருடம் அது.

"ஏனுங் கண்ணு, சத்தமே போடாத கம்ப்யூட்டரு ஒண்ணு வேணுமே."

"எதுக்குங்கண்ணா?"

"பாட்டுக் கேக்கத்தான்."

பாட்டுக் கேட்க போன் போதாதா என்று நான் கேட்டிருக்கக் கூடாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வைத்திருக்கும் சிடிக்களை எல்லாம் ஒரு கணினிக்குள் ஏற்ற வேண்டும். அதில் விசிறி இருக்கக் கூடாது, விசிறி ஓடினால் பாட்டுக்கு நடுவே அது கேட்கும். அதிலிருந்து பாட்டு டாக் என்கிற ஒரு பெட்டிக்குப் போக வேண்டும். கணினிக்குள் வெறும் எண்ணாகக் கிடக்கிற பாட்டை அந்தப் பெட்டிதான் சத்தமாக்கத் தகுந்த மின்சாரமாக மாற்றும். பிறகு ஆம்ப்ளிஃபையர், பிறகு ஆள் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். எந்தப் பாட்டு ஓடுகிறது என்பது சுவரில் மாட்டிய டிவியில் படத்தோடு தெரிய வேண்டும். முக்கால் மணி நேரம் பேசினார். கடையில் இரண்டு பேர் காத்திருந்து அலுத்துப் போய்விட்டார்கள்.

கடைசியில் எழுந்தவர் ஒன்று சொன்னார். "எல்லாம் அவளுக்குத்தான் கண்ணு. கட்டீட்டு வந்தப்ப சொன்னேன், ஒரு நாளைக்குத் தியேட்டராட்டப் பாட்டுக் கேக்க வெக்கிறேன்னு. வருசந்தான் போச்சு."

அவள் என்றது ராசாத்தாள் அக்காவை. அவருடைய மனைவி. சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் ஸ்பின்னிங்கில் ஷிப்டு பார்த்தவர். அண்ணனும் அவரும் அப்போது மில்லுக்குப் பக்கத்தில் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டர் ஒன்று. அதில் ஓடுகிற பாட்டோடு கூடவே பாடிக்கொண்டு அக்கா பாத்திரம் துலக்குவாராம். பக்கத்து வீட்டுக்காரர்கள் டேப்பை நிறுத்திவிட்டு அம்மணியைப் பாடச் சொல்லுங்கள் என்பார்களாம். இதைச் சொல்லும்போது அண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

அறுநூறு சிடியை ஏற்ற எனக்கு ஐந்து மாதம் ஆனது. வாரம் ஒரு முறை ஸ்கூட்டரில் போவேன். அப்போதுதான் அந்த வீட்டின் சட்டதிட்டமெல்லாம் தெரிந்தது. ஹாலில் ஒரே ஒரு நாற்காலி. இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் வருகிற சத்தம் சரியாகச் சேருகிற இடம் அதுதானாம். நாற்காலிக் கால்களைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டி வைத்திருந்தார், யாராவது நகர்த்திவிட்டால் தெரிவதற்கு. பாட்டு ஓடும்போது மின்விசிறி ஓடக் கூடாது. ஃபிரிட்ஜையும் அணைத்துவிடுவார். ஒரு தடவை அணைத்ததை மறந்து மறுநாள் வரை விட்டு, இரண்டு லிட்டர் பாலும் திரிந்து போனது. அக்கா அதைப் பால்கோவாவாகக் கிளறி எனக்கு ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார்.

புதுச் சாமான் எது வந்தாலும் ஒரு பரீட்சை நடக்கும். பரீட்சை அக்காவுக்கு. அடுப்படி வாசலில் அக்கா நிற்பார். அண்ணன் பழைய வயரில் ஒரு பாட்டு போடுவார். நிறுத்துவார். பெட்டிக்குப் பின்னால் குனிந்து புது வயரை மாட்டுவார். அதே பாட்டு. பிறகு அக்காவின் முகத்துக்கு நேராக வந்து நின்று, "எது நல்லாருக்குது?" என்பார்.

"ரெண்டாவதுதானுங்க நல்லாருக்குது."

அண்ணனுக்குப் பெருமை பிடிபடாது. "பாத்தியா கண்ணு, மில்லுல நூலு அந்தாட்டம் ஓடற சத்தத்துல கெடந்தவ, ஆனா காதப் பாரு!" இதே ஆசையுள்ள ஆட்கள் சேர்ந்து வாட்ஸ்அப்பில் குழு வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரிக்கே வித்தியாசம் தெரிகிறது என்று அதிலும் எழுதிவிடுவார். ஒவ்வொரு முறையும் அக்கா இரண்டாவதைத்தான் சொன்னார். புதியது எப்போதும் இரண்டாவதாகத்தான் வரும் என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்தே இருந்தது. வீட்டுக்காரர் மனம் நோகாமல் பேசுகிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கொரோனா இரண்டாவது அலை முடிந்து, 2021 ஆகஸ்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் மாற்றப் போனேன். அண்ணன் காரமடைக்கு ஒரு துக்கத்துக்குப் போயிருந்தார். முகத்தில் மாஸ்க்கோடு, "அக்கா, இதுக்கு மேல ஈரத் துணி போட்டுத் தொடைக்காதீங்க" என்றேன். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். மறுபடி சொன்னேன். மறுபடியும் சிரித்தார். மூன்றாம் முறை சத்தமாகவே சொன்னேன். அக்கா மெல்ல என் பக்கத்தில் வந்தார்.

"அந்த மாஸ்க்கைச் சித்த எறக்கீட்டுச் சொல்லு கண்ணு."

இறக்கினேன். சொன்னேன். "சரி கண்ணு, தொடைக்கலே" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்கா இத்தனை நாளும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மில்லில் மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் யாரும் யாரோடும் காதால் பேச முடியாதாம். உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்களாம், நான்கு மெஷினுக்கு அப்பால் நிற்கிறவளோடு கூட. காதுக்கு என்று மில்லில் எதுவும் கொடுத்ததில்லை. இவர்களே கழிவுப் பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வார்கள். "வெச்சா அரிக்கும், அதனால நானு வெக்கறதில்லே" என்றார் அக்கா. மில்லை விட்டு வந்தபோதே பாதிதான் கேட்டதாம். அப்புறம் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. உதடு தெரிந்தால் போதும், அக்கா வண்டியை ஓட்டிவிடுவார். ஓசூரில் இருக்கும் மகள் வர்ஷினியோடு வீடியோவில்தான் பேசுவார். மகள் முகத்தைப் பார்க்க அவ்வளவு ஆசை என்று அண்ணன் நினைத்திருந்தார். பொழுது சாய்ந்ததும் தோட்டத்துப் பக்கம் யானை இறங்கினால் வெடி போடுவார்கள். அண்ணனே தூக்கிவாரிப் போட்டு எழுந்திருப்பார், அக்கா அசையாமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார். என்ன தைரியம் பார் என்று அதையும் என்னிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

"அண்ணங்கிட்டச் சொல்லோணுங்க அக்கா. டாக்டரப் பாக்கலாம்" என்றேன்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாங் கண்ணு. சொல்லீராதே. இந்தப் பாட்டுச் செட்டை எத்தனை ஆசையாக் கட்டீட்டு இருக்கறாரு. முடிச்சு ஒருக்கா ஒக்காந்து பாக்கட்டும். அப்புறம் நானே சொல்லிப்போடறேன்."

நான் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டார், அதனால் சொல்லவில்லை என்று இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். ஊரடங்கில் கடை படுத்துக் கிடந்தது. அந்த வீட்டு வேலை எனக்கு வேண்டியிருந்தது. இதுதான் மீதிப் பாதி.

அண்ணன் கட்டுவதை முடிப்பதாக இல்லை. ஸ்பீக்கருக்கு அடியில் கடப்பைக் கல் வைத்தார். கம்பெனிக் கழிவு இரும்பில் தானே ஸ்டாண்டு வெல்டு பண்ணினார். அறை எதிரொலிக்கிறது என்று சுவரெல்லாம் பழைய ஜமக்காளம் தொங்கியது. மைக் வைத்து அறையை அளந்தார், ஜன்னல் கண்ணாடி அதிர்வதைக் கூடக் கண்டுபிடித்து ரப்பர் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அக்கா வாசலில் வந்து நின்று பரீட்சை எழுதினார். ஒவ்வொன்றிலும் பாஸ். நான்கு வருடம் இப்படியே ஓடிப்போனது. அவ்வளவு நாளும் அக்கா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

போன தை மாதம் அண்ணன் போன் செய்தார். "முடிஞ்சுது கண்ணு. நாளைக்கு அவள நாற்காலில ஒக்கார வெக்கறேன். நீயும் வா." அந்த நாற்காலியில் அதுவரை அக்கா ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. எல்லாம் சரியான பிறகுதான் உட்கார வேண்டும் என்பது அண்ணன் வைத்திருந்த விதி.

அக்கா கனகாம்பரம் வைத்துக்கொண்டு, பட்டுப்போல மினுங்கும் ஒரு சேலையில் வந்து உட்கார்ந்தார். மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் நின்றது. லைன் வீட்டு நாளில் அக்கா கூடப் பாடிய பாட்டையே அண்ணன், ரிமோட்டாக வைத்திருந்த போனில் தேடி அழுத்தினார். டிவியில் படம் வந்தது, பாட்டின் பெயர் வந்தது, கீழே கோடு நகர்ந்தது.

சத்தம் வரவில்லை.

அன்று காலை அந்தக் கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, டாக் பெட்டிக்கு அனுப்ப வேண்டிய பாட்டை வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தது. என்ன கோளாறு என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. நானும் அண்ணனும் பெட்டிக்குப் பின்னால் குனிந்து வயர்களைத் தடவிக்கொண்டிருந்தோம். ஒரு நிமிடம் போயிருக்கும். ஹாலில் ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பக்கத்துத் தென்னந்தோப்பில் மட்டை விழுந்தது கேட்டது.

அப்போது அக்கா சொன்னார். "நல்லாருக்குதுங்க."

நிமிர்ந்து பார்த்தோம். அக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. தாளம் பிசகவில்லை. கோடு எங்கே போகிறதோ பாட்டு அவருக்குள் அங்கே போய்க்கொண்டிருந்தது. "முன்னப் போட்டதுக்கு இதுதானுங்க நல்லாருக்குது" என்றார் மறுபடியும்.

அண்ணன் வயரைக் கையில் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்காவின் முதுகுப் பக்கமாக, "ராசாத்தி" என்று கூப்பிட்டார். அக்கா திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காது டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு மறைக்காமல் சொன்னார். மில்லை விட்டு வந்த காலத்திலேயே காதில் மெஷின் மாட்டியிருந்தால் பேச்சு தெளிவாக இருந்திருக்கும். நான்கைந்து வருடம் முன்னால் வந்திருந்தால் கூட இதைவிட நன்றாக இருந்திருக்கும். கேட்காமலே விட்டுவிட்டால் சொல்லைப் பிரித்தறிகிற பழக்கம் மூளைக்கு விட்டுப் போய்விடுமாம். இனி சத்தம் கேட்கும், சொல் தெரிவது சிரமம் என்றார்.

மெஷின் வந்ததும் அண்ணன் அக்காவை மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். இந்த முறை பாட்டு சரியாக ஓடியது. அப்படி ஒரு சுத்தமான சத்தத்தை நான் எங்கேயும் கேட்டதில்லை, பாடுகிறவர் மூச்சு இழுப்பது கூடக் கேட்டது. அக்காவின் முகம் சுருங்கியது. அண்ணன் எதிரில் மண்டியிட்டு, "எப்படிருக்குது?" என்றார். "பொய் வேண்டாம் அம்மணி."

"சத்தம் வருதுங்க" என்றார் அக்கா. "பாட்டு வரலீங்க."

காபி போடுகிறேன் என்று அக்கா எழுந்து போனார். அண்ணன் தரையில் ஒட்டிய டேப்பை நகத்தால் பிய்த்துக்கொண்டே கேட்டார். "உனக்கு எப்பத் தெரியும் கண்ணு?"

பொய் சொல்லியிருக்கலாம். "கொரோனா சமயத்துலயேங்கண்ணா."

அவர் திட்டியிருந்தால் எனக்குப் பாரம் குறைந்திருக்கும். "உன்னச் சொல்லி என்ன பண்றது. ஊட்டுக்குள்ளயே இருந்தவன் நானு" என்றார்.

காபியோடு வந்த அக்கா எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தே புரிந்துகொண்டார். "அந்தப் புள்ளைய ஒண்ணுஞ் சொல்லாதீங்க. நாந்தான் வேண்டாமுன்னேன்."

"ஏன் ராசாத்தி?"

"சொல்லீருந்தா கட்டறத நிறுத்தீருப்பீங்க."

"நிறுத்தித்தான் இருப்பேன்!"

"அதுக்குத்தானுங்க."

காபித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டேன்.

பதினைந்து நாள் கழித்து அண்ணன் மறுபடி கடைக்கு வந்தார். பாட்டு ஓடும்போது அதன் வரிகள் டிவியில் வர வேண்டும், பாடுகிறவர் பாடப் பாட ஒவ்வொரு வரியாக. புதுப் பாட்டுகளுக்கு அது கிடைக்கிறது, அக்காவுடைய பழைய பாட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. அண்ணனே உட்கார்ந்து எழுதுகிறார். ஒரு வரியைக் கேட்டு நிறுத்தி, தட்டச்சு செய்து, அது எந்த வினாடியில் தொடங்குகிறது என்று குறித்து, பிறகு அடுத்த வரி. இரைச்சலுக்கு அடியில் முணுமுணுப்பாக வருகிற சொல்லைக் கூட அவர் காது பிடித்துவிடுகிறது. ஒரு பாட்டுக்கு ஒரு முழு நாள் ஆகிறது. சிடி அறுநூறு இருக்கிறது.

முதல் பாட்டு தயாரான அன்று நான்தான் போய்ச் சேர்த்துக் கொடுத்தேன். இப்போது ஹாலில் இரண்டு நாற்காலி. ஃபிரிட்ஜ் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வரிகளை முதலில் வெள்ளை எழுத்தில் ஓட்டிக் காட்டினேன். பிறகு மஞ்சளில். அண்ணன் அக்காவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, பழைய ஆசையோடு கேட்டார். "எது நல்லாருக்குது?"

"ரெண்டாவதுதானுங்க நல்லாருக்குது" என்றார் அக்கா.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். நிஜமாகத்தான் சொல்கிறாளா என்று அந்த முகம் என்னைக் கேட்டது. எனக்கும் தெரியவில்லை. மஞ்சளிலேயே விட்டுவிட்டு வந்தேன்.