லெக்சிங்டனில் கிடைக்காத இடம்

கென்டக்கி மலையில் நிலக்கரி வெட்டி நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட ஓர்வில் ஸ்டாம்பருக்கு ஒரே மகள் டார்லா. தாய் இல்லாத வீடு. நர்ஸ் படிப்புக்கு அவளுக்கு இரண்டு இடத்தில் இடம் கிடைத்தது. லெக்சிங்டன் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம். பக்கத்து ஊர் சமூகக் கல்லூரியில் இரண்டு வருஷம். அவள் மனசு முழுக்க லெக்சிங்டனில்தான் இருந்தது. கடிதங்கள் வந்ததை அப்பாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.

"பெரிய எடத்துக்கே போ தாயி. என்னை நான் பாத்துக்குவேன்," என்றார் ஓர்வில். அன்று காலையில்தான் குளியலறையில் விழுந்து கிடந்தவரை அவள் தூக்கி உட்காரவைத்திருந்தாள்.

"அங்க எனக்கு எடம் கெடைக்கலப்பா," என்று சொல்லிவிட்டாள்.

கிழவர் கொதித்துப் போனார். ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் மாட்டியபடியே, சர்ச்சில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என் பொண்ணோட அருமை தெரியாத பயலுக!" என்று மூச்சிரைக்கத் திட்டினார். பெண்கள் அவள் தோளைத் தடவி ஆறுதல் சொன்னார்கள். டார்லா தலையாட்டிக்கொண்டு நின்றாள்.

சமூகக் கல்லூரியில் சேர்ந்து, முதல் பரீட்சையிலேயே முதலாவதாக வந்தாள். ஓர்வில் போனை எடுத்தார்.

"லெக்சிங்டன்காரனை நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

டார்லா பதறிப்போய்ப் போனைப் பிடுங்கினாள். "வேணாம்ப்பா. எனக்கு இங்கதான் புடிச்சிருக்கு."

அதையும் அவர் நம்பினார்.