மெதுவாய்த் தைத்த உறைகள்

நான் பொறுமை இல்லாதவள். அடுப்பில் பால் பொங்கும்வரைகூட ஓரிடத்தில் நிற்கமாட்டேன். அப்படிப்பட்ட என்னைக் கொழும்பிலேயே ஆக மெதுவாக வேலை செய்கிற மனிதருக்குக் கட்டிவைத்தார்கள்.

என் புருஷன் றேமண்டுக்குத் தோல் வேலை. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு முன்னறைதான் பட்டறை. பெல்ற், கைப்பை, வேதப்புத்தக உறை, எதுவானாலும் கையால்தான் தைப்பார். இரண்டு தோல்களையும் சேர்த்து முழங்கால்களுக்கிடையே மரக்கிடுக்கியில் இறுக்கிவைத்து, குத்தூசியால் துளை போடுவார். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளைக்குள்ளும் இந்தப் பக்கத்தால் ஒன்று, அந்தப் பக்கத்தால் ஒன்று. நூலை இழுக்கும்போது பூசையில் சாமியார் கை விரிப்பதுபோல இரண்டு கையும் விரியும். நான் பின்னறையில் மெசினில் சட்டை தைக்கிறவள். நான் ஒரு சட்டை முடிக்கிற நேரத்தில் அவர் ஒரு சாண் தைத்திருந்தால் பெரிய காரியம்.

"புறக்கோட்டையில அலவியின்ரை கடையில தோல் தைக்கிற பெரிய மெசின் நிக்குது. குடுத்தா ஒரு நாளில வேலை முடிஞ்சிடும்" என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்.

"நிக்கட்டும்" என்பார். அவ்வளவுதான் பதில்.

தொண்ணூற்றேழில், வடக்கில் சண்டை நடந்த காலத்தில், என் தம்பி பீற்றர் யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தான். கனடாவில் இருந்த பெண்ணோடு கலியாணப் பதிவு முடிந்து, விசாவுக்குக் காத்திருந்தான். அவன் பெயரைப் பொலிஸில் பதிந்துதான் வைத்திருந்தோம். பதிந்து என்ன, அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருக்கிறதே. சுற்றிவளைப்பு நடந்தால் அவனைப்போல இளந்தாரிப் பிள்ளைகளைத்தான் முதலில் வண்டியில் ஏற்றுவார்கள். ஏற்றிய பிள்ளை எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

அந்த நாட்களில்தான் இன்ஸ்பெக்டர் சோமதிலக்க வந்தார். அவருடைய கைத்துப்பாக்கி உறை தையல் விட்டுப்போயிருந்தது. றேமண்ட் அதைத் தைத்துக்கொடுத்த விதம் பிடித்துப்போய், தனக்கும் தன் கூட்டாளிகளுக்கும் புதிதாக உறைகள் செய்யச் சொன்னார். எனக்கு ஒரே எரிச்சல். தமிழ் வீட்டில் செய்வதற்கு வேறு சாமான் கிடைக்கவில்லையா? ஈரத்தோலை அந்த வடிவத்துக்குப் படியவைப்பதற்காக றேமண்ட் மரத்தில் ஒரு துப்பாக்கி வேறு செதுக்கிவைத்திருந்தார். வாசலில் சப்பாத்துச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நான் அதைத் தூக்கி அரிசி வாளிக்குள் புதைப்பேன். பிறகு சோற்றில் மரத்தூள் கிடக்கிறது என்று அவரே குறை சொல்வார்.

ஒரு ஞாயிறு காலை எங்கள் ஒழுங்கையின் இரண்டு முனையையும் அடைத்துச் சுற்றிவளைத்தார்கள். பீற்றரையும் மற்றப் பெடியன்களோடு சுவர் ஓரமாக நிறுத்தினார்கள். நான் செபமாலையைக் கையில் பிடித்திருந்தேன், ஒரு மந்திரமும் வாயில் வரவில்லை. அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் தன் உறை என்னவாயிற்று என்று பார்க்க வந்தார். பீற்றரைக் கண்டார். அங்கு நின்ற பொலிஸ்காரனிடம், "மேக்க மங் தன்ன கெயக்" என்றார். தனக்குத் தெரிந்த வீடு என்ற அந்த ஒரு சொல்லில் என் தம்பி வீட்டுக்குள் வந்துவிட்டான்.

அன்றிலிருந்து றேமண்டின் கை இன்னும் மெதுவாகிவிட்டது.

முதலில் எனக்கு விளங்கவில்லை. தைத்த வரியை அவிழ்த்தார். தோல் சரியாகக் காயவில்லை என்றார். நூலுக்குத் தேன்மெழுகு போதாது என்று ஒரு பகல் முழுவதும் மெழுகு பூசிக்கொண்டிருந்தார். கிழமைக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வந்து கேட்பார். "கைத்தையல்தானே சேர், நேரம் எடுக்கும்" என்று இவர் சிங்களத்தில் சொல்வார். இன்ஸ்பெக்டர் பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கடைசியில் கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு என்ன, கை விளங்கேல்லையா?"

கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார். "உறை முடிஞ்சா அவர் ஏன் றோஸி இஞ்ச வாறார்? தம்பி பிளேன் ஏறுமட்டும் இது முடியக் கூடாது. அவனுக்குச் சொல்லிப்போடாதை. தன்னாலை எங்களுக்குக் கரைச்சல் எண்டு வெள்ளவத்தை லொட்ஜுக்குப் போயிடுவான். அங்கை கிழமைக்கு ரெண்டு தரம் பிடிக்கிறாங்கள்."

அதற்குப் பிறகு என் நிலைமை இன்னும் மோசம். மெதுவாகத் தைக்கிறவரைப் பார்த்தால் எரிச்சல் வரும். கொஞ்சம் வேகமாகத் தைத்தாரென்றால் அவசரம் வேண்டாம் என்று நானே தடுப்பேன். இரண்டுக்கும் நடுவில் நான் முன்னறைக்கும் குசினிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். விசா வருகிற வழியாக இல்லை.

பீற்றர் இதையெல்லாம் வேறுவிதமாகப் பார்த்திருக்கிறான். அத்தானுக்குத் தோள் நோகிறது, சாப்பாடும் படுக்கையும் தருகிற மனிதர் ஒரு வேலையை முடிக்க முடியாமல் கிடந்து மாய்கிறார் என்று நினைத்திருக்கிறான். ஒரு செவ்வாய்க்கிழமை நானும் றேமண்டும் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் பகல் முழுவதும் இருந்துவிட்டு வந்தோம். நாங்கள் கேட்கப்போனதும் இவனுக்காகத்தான். திரும்பி வந்தால், மேசையில் உறைகள் எல்லாம் தைத்து முடிந்து அடுக்கியிருக்கின்றன. பக்கத்தில் பீற்றர் பரிசு கொடுக்கிறவன்போலச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"அலவி நானாட்டைக் கொண்டுபோனனான், அத்தான். பின்னேரத்துக்குள்ளை அடிச்சுத் தந்திட்டார்."

துப்பாக்கி உறைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு, யாழ்ப்பாண அடையாள அட்டையோடு, செக்பொயின்ற் தாண்டிப் புறக்கோட்டைக்குப் போய் வந்திருக்கிறான்.

"பையைச் சோதிக்கேல்லையா?"

"இல்லை அக்கா. மேலை வாழைப்பழம் வைச்சனான்."

றேமண்ட் ஓர் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வரிகள் நேராக, ஒரே அளவாக, அழகாகத்தான் இருந்தன. கதிரையில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டார். நான்தான் வாய் திறந்தேன். வாய் திறந்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. விசரன், உன்னை வைத்திருக்கத்தானடா அந்த மனிசன் இத்தனை நாளும் ஊர்ந்தது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பீற்றரின் முகம் செத்துப்போயிற்று. "எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டான். றேமண்ட் சொன்ன காரணம் பொய்யாகவில்லை. அடுத்த நாள் விடிந்ததும் அவன் உடுப்புகளைப் பையில் அடுக்கத் தொடங்கிவிட்டான். வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை கேட்டு வைத்திருக்கிறதாம். நான் பையின் ஒரு காதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றார்.

மேசையில் இருந்ததைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. ஓர் உறையை எடுத்து இடுப்பில் வைத்துப் பார்த்தார். நல்ல வேலை என்றார். முடிந்தது என்று நினைத்தேன். உறை மட்டுமல்ல, எல்லாம்.

றேமண்ட் எழுந்தார். "சேர், அதைத் தாருங்கோ" என்று கை நீட்டி வாங்கினார். நகவெட்டியைப் போலச் சின்னதாக ஒரு கத்தி அவரிடம் உண்டு. அதனால் வரியின் நடுவில் ஒரே ஒரு நூலை வெட்டி, முனையைப் பிடித்து இழுத்தார். தையல் விறுவிறுவென்று ஓடி, உறை வாய் பிளந்தது.

"மெசின் தையல், சேர். மேல் நூல் ஒண்டு, கீழ் நூல் ஒண்டு. ஒண்டு அறுந்தா மற்றதும் நிக்காது. இதை என் வேலையெண்டு தரமாட்டன். ஊசி விழுந்த துளையை மூடவும் ஏலாது. புதுத் தோல் எடுத்துத் திரும்பத் தைக்கவேணும்."

பொலிஸ் சாமானைப் பொலிஸ்காரன் கண் முன்னாலேயே வெட்டிப்போட்ட தமிழனுக்கு என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இன்ஸ்பெக்டர் பிளந்த உறையைப் பார்த்தார். றேமண்டைப் பார்த்தார். பிறகு அறை வாசலில் பையோடு நின்ற பீற்றரைப் பார்த்தார். பையின் மறு காதைப் பிடித்தபடி நின்ற என்னையும் பார்த்தார். அரைகுறைத் தமிழில் கேட்டார்.

"தம்பி எப்ப கனடா போறது?"

"விசா... வரவேணும், சேர்" என்றான் பீற்றர்.

"அதுக்கு எவ்வளவு நாள்?"

"தெரியாது, சேர்."

இன்ஸ்பெக்டர் உறையை மேசையில் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு றேமண்டிடம், "ஹெமின் கரன்ன" என்றார். மெதுவாகச் செய் என்று சொல்லிவிட்டு, அன்றைக்குப் பிளேன்ரீ குடிக்காமலே இறங்கிப் போனார்.

இந்த மனிதருக்கு எங்கள் இழுத்தடிப்பு எத்தனை நாளாகத் தெரியும்? இரங்கிச் சொன்னாரா, தெரியும் என்று காட்டிவிட்டுப் போனாரா? எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை. அன்றைக்கு அதை யோசிக்கிற நிலையிலும் நான் இல்லை. பீற்றரின் கையிலிருந்து பையைப் பிடுங்கி, மடித்து வைத்திருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பவும் கொடியில் போட்டேன்.