செம்பூரில் ஒரு சிவப்பு குளோக்ஸினியா

அறுபதுகளில், செம்பூர் வீட்டுப் பால்கனியில் என் கணவர் குளோக்ஸினியா வளர்த்தார். வெல்வெட் போன்ற இலை, மணி போன்ற பூ. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் ஊதாவும் மங்கிய சிவப்பும்தான். அவர் பல வருடம் மகரந்தம் மாற்றி, விதை போட்டு, ஒரே ஒரு செடியில் ரத்தச் சிவப்பைக் கொண்டுவந்தார்.

அந்த வருட மழையில் தொட்டியில் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகிவிட்டது. கூழாகிப்போன கிழங்கைக் கையில் ஏந்தியபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“இன்னொரு தடவை பண்ணிக்கலாம், எழுந்திருங்கோ” என்றேன்.

“இந்தச் சிவப்பு திரும்ப வராதுடி. விதைகூட எடுத்து வைக்கலை.”

அவர் எழுந்திருக்கவில்லை. அழுகாத மூன்று இலைகளை நானே காம்போடு நறுக்கி, ஈர மணலில் ஊன்றி, கண்ணாடி டம்ளரால் மூடினேன். இரண்டு இலைகள் சீக்கிரமே கருகின. அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மழை ஓய்ந்தபோது மூன்றாவதும் பழுத்துச் சுருண்டது.

“கொட்டிடு” என்றார்.

மணலைக் கொட்டினேன். காம்பின் அடியில் பட்டாணி அளவுக்கு ஒரு கிழங்கு இருந்தது.

அடுத்த ஆண்டு அது அதே சிவப்பில் பூத்தது. அவர் மாதுங்கா, அணுசக்தி நகர் என்று சுற்றுவட்டாரத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் இலை நறுக்கிக் கொடுத்தார். ஒரே வீட்டில் அதை வைத்திருக்க அவருக்குப் பயமாக இருந்தது.