கடைசி ஆளாகச் சாப்பிடும் ஜாஃபர் சாதிக்

ஜாஃபர் சாதிக்கோடு சாப்பிடப் போவதைப் போல எரிச்சலான காரியம் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து மூன்று பேரும் ஆற்றங்கரையில் நடந்து, பசி வயிற்றைக் கிள்ள, ஏதோ ஓர் ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்து உட்காருவோம். இலை போடுவதற்கு முன்னாலேயே அவன் எழுந்துபோய்ச் சமையற்கட்டை எட்டிப் பார்ப்பான். "இங்க யாருங்க சமைக்கிறது?" என்று கேட்பான். திரும்பி வந்தாலும் இலையில் கை வைக்க மாட்டான். நானும் மீரா உசேனும் மோர்ச்சோற்றையும் முடித்து ஏப்பம் விடும்போதுதான் அவன் முதல் பிடியைப் பிசைவான். ஒரு கடைக்காரர் எங்களைச் சுகாதார ஆபீசர்கள் என்று நினைத்துக் காசே வாங்கவில்லை. அன்றைக்கு மீரா உசேனுக்கு ஏக சந்தோஷம்.

எனக்குக் குடவாசல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. மீரா உசேனுக்குப் பாத்திரக் கடை. ஞாயிறு இரண்டுக்கும் விடுமுறை. ஜாஃபர் வளைகுடாவில் குவைத், அப்புறம் சவூதி என்று பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, 'இனிமேல் போகிறதில்லை' என்று ஒரேயடியாக ஊர் திரும்பியவன். ஒரு டிராக்டர் வாங்கி வாடகைக்கு விட்டிருந்தான். "வாரா வாரம் எங்கயாவது நடக்கலாம், வாங்கய்யா" என்று ஆரம்பித்தது அவன்தான். சர்க்கரை வந்துவிட்டதுபோல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஆனால் பாதையைத் தேர்ந்தெடுப்பதும் அவனே. குடவாசலைச் சுற்றி நடக்க ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் குறைச்சலா? அவனுக்கு அதெல்லாம் ஆகாது. பஸ் ஏறி, திருவாரூரில் மாறி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் போய் ஏதாவது ஒரு நிறுத்தத்தில் இறங்கித்தான் நடக்க வேண்டும். "நடக்கறதுக்கு பஸ்ல போற கூட்டம் நாமதான்யா" என்று மீரா உசேன் தலையில் அடித்துக்கொள்வான்.

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை என்றால் தூக்கம் வராது. ஒரு ஞாயிறு மதகுக் கட்டையில் உட்கார்ந்து இளைப்பாறும்போது பிடித்துக்கொண்டேன். "மொதல்ல சொல்லு. ஏன் இந்தப் பக்கமே வர்றோம்? நீ என்ன தேடுற?"



"ஒரு சமையக்காரரத் தேடுறேன், தியாகு."

பதினாலு வருஷத்துக்கு முன்னால், தொண்ணூறில், குவைத்தில் சண்டை மூண்டபோது அவன் ஒரு தொழிலாளர் கேம்பில் இருந்தான். கேம்பை விட்டு எல்லையை நோக்கிக் கிளம்பிய பஸ்ஸில் ஒரே ஓர் ஆளுக்கு இடம் இருந்தது. அதில் ஏறக் காலெடுத்து வைத்தவர் மெஸ் சமையல்காரர். ஏறியவர் இறங்கிவந்து, இவன் சட்டையைப் பிடித்து உள்ளே தள்ளினார். "ஒன் பொண்டாட்டி மாசமா இருக்கா. நீ போ" என்றார். கதவு சாத்தியது. அதற்கப்புறம் அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

"அவரு உசிரோட ஊரு வந்து சேந்தாரான்னு தெரியணும். வேற ஒண்ணும் வேணாம்" என்றான்.

"பேரு என்ன?"

"தெரியாது."

எனக்கு வந்ததே கோபம். "வருஷக்கணக்கா அந்தாளு கையால சாப்பிட்டிருக்க, பேரு கேக்கலியா?"

கேம்பில் யாருக்கும் பெயர் கிடையாதாம். எல்லாரையும் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். பட்டுக்கோட்டை, அறந்தாங்கி, பரமக்குடி. இவன் 'குடவாசல்'. அவர் 'துறைப்பூண்டி அண்ணன்'. ஜாஃபர் ஒவ்வொரு லீவுக்கும் திருத்துறைப்பூண்டிக்குப் போய்த் தெருத்தெருவாக விசாரித்திருக்கிறான். அப்படி ஒருவர் இல்லவே இல்லை.

"அப்பறந்தான் ஒறச்சுது. நான் கொடவாசலா? என் ஊரச் சொன்னா திருவாரூர்க்காரனுக்கே தெரியாதுன்னுதானே கொடவாசல்னு சொன்னேன்? அவரும் அப்படித்தானே சொல்லியிருப்பாரு? துறைப்பூண்டியச் சுத்தி எத்தன ஊரு இருக்கு! பஸ்ல போனா ரோட்டோரத்து ஊருதான் கண்ணுல படும். நடந்தாத்தான் எல்லா ஊரையும் பாக்க முடியும்."

"கடைசியாச் சாப்புடுறது எதுக்கு?" என்றான் மீரா உசேன்.

கேம்பில் ஜாஃபருக்கு ராத்திரி ஷிப்ட். மெஸ்ஸுக்குக் கடைசி ஆளாகத்தான் வருவான். குழம்பு தீர்ந்திருக்கும். அவர் மீன் குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் புரட்டி, "கடைசியா வர்றவனுக்குத்தான் சட்டி" என்று உருண்டையாகக் கையில் வைப்பாராம். அந்தப் பழக்கம் நாக்கில் ஒட்டிக்கொண்டது, விடவில்லை.

அன்றிலிருந்து நான் அவனைவிட மோசமாகிவிட்டேன். கடைக்குள் காலெடுத்து வைத்ததும் அடுப்பங்கரைக்குத்தான் ஓடுவேன். சிங்கப்பூரில் பரோட்டா போட்டவர் ஒருவர் கிடைத்தார். மஸ்கட்டில் ஒட்டகம் மேய்த்துவிட்டு வந்து இட்லி ஊற்றுகிறவர் ஒருவர் கிடைத்தார். ஆளுக்கொரு கதை. காது கொள்ளாத அளவுக்குக் கேட்டோம். நாங்கள் தேடிய ஆள் மட்டும் அகப்படவில்லை. "செத்துக்கித்துப் போயிருப்பாரோ?" என்று மீரா உசேன் ஒருநாள் என்னிடம் தனியாகக் கேட்டான். எனக்கும் அந்த நினைப்புத்தான். ஜாஃபருக்கும் அது இல்லாமல் இருந்திருக்காது.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிறு. முந்தின நாள் பெய்த மழையில் கரை சொதசொதவென்று கிடந்தது. இரண்டு பக்கமும் நடவு முடிந்து பச்சை பிடித்திருந்தது. பின்னாலிருந்து பாம் பாம் என்று ஹாரன். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மீன்காரர், டி.வி.எஸ். வண்டியில் கூடையோடு எங்களை உரசுவதுபோலப் போனார். மீரா உசேனின் வெள்ளை வேட்டி முழுக்கச் சேறு.

"யோவ், கண்ணு பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினான். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு முழுக்க அந்த மீன்காரரைத் திட்டிக்கொண்டே வந்தான்.

பாலத்தடியில் கீற்றுக்கொட்டகை போட்ட ஒரு கடையில் உட்கார்ந்தோம். ஜாஃபர் வழக்கம்போல் எட்டிப் பார்த்தான். அடுப்படியில் ஒரு பெண்பிள்ளை மட்டும் இருந்தார், மலர்கொடி என்று பெயர். முகம் தொங்கிப் போய் வந்து உட்கார்ந்தான். அன்றைக்குக் கொடுவா மீன் குழம்பு. நானும் மீரா உசேனும் வெட்கமில்லாமல் மூன்று தடவை ஊற்றிக்கொண்டோம். கூட்டமெல்லாம் கலைந்த பிறகுதான் ஜாஃபர் இலைக்கு வந்தான்.

மலர்கொடி சட்டியும் கையுமாக வந்தார். "கொழம்பு தீந்துபோச்சு பாய். சோத்தப் போட்டுப் பெரட்டித் தரட்டுங்களா? எங்க கடையில கடைசியா வர்றவங்களுக்குத்தான் சட்டி."

ஜாஃபர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"இத... யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

"எங்க வீட்டுக்காரருதாங்க. வெளிநாட்டுல சமைச்சுப் போட்டவரு. இப்ப கரண்டியத் தொடமாட்டாரு. ஒரு ஊருக்கே ஆக்கிப் போட்டாச்சு, போதும்பாரு. மீன் யாவாரம் பாக்குறாரு."

தொடமாட்டாராம், பார்க்கிறாராம். அப்படியென்றால் ஆள் உயிரோடு இருக்கிறார். ஜாஃபர் கண்ணை மூடிக்கொண்டான். "எங்கம்மா இருக்காரு?" என்று நான்தான் கேட்டேன்.

"வர்ற நேரந்தான்."

பாலத்தின் மேல் பாம் பாம் என்று சத்தம் கேட்டது. மீரா உசேன் சேறு பட்ட வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். சோற்றுக் கையோடு எழுந்து நிற்கும் ஆளைப் பார்த்தார். இன்னும் கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"கொடவாசலு?"

ஜாஃபர் அழுதுவிட்டான். நானும்தான், மறைப்பானேன்.

"இவங்கதான் கொடவாசலா?" என்று மலர்கொடி வாயில் கை வைத்தார். "ஒங்களத் தேடி ரெண்டு தடவ கொடவாசல் போனாருங்க. குவைத்துல இருந்த கொடவாசல் எங்க இருக்காருன்னு பஸ் ஸ்டாண்டுல கேட்டா, எல்லாம் சிரிச்சாங்களாம்." இருங்க, அவருக்கும் சோறு கொண்டாரேன் என்று உள்ளே போனார்.

அந்த பஸ் ஸ்டாண்டில்தான் என் கடை. என்னிடம் கேட்டிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

"மொதல்ல ரெண்டு பேரும் பேரச் சொல்லிக்குங்கய்யா" என்றேன்.

"ராசு" என்றார் அவர்.

"ஜாஃபர் சாதிக்."

இரண்டு பேருக்கும் அது ஒட்டவில்லை. "எப்படிண்ணே வந்தீங்க?" என்று ஜாஃபர் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். இத்தனை வருஷம் சுமந்த கேள்வி அது.

"அடுத்த வாரமே ஒரு லாரி கெடச்சுது. ஏறி வந்துட்டேன்." ராசு அதைச் சாதாரணமாகத் தள்ளிவிட்டார். "அத வுடு. என்ன புள்ள பொறந்துச்சு?"

"பொண்ணுண்ணே. அஃப்ரீன்னு பேரு. ஒம்பதாவது படிக்குது."

ராசு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பினார். "மலரு! பொம்பளப் புள்ளையாம்!"

உள்ளேயிருந்து உடனே பதில் வந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல!"